எரியவில்லை என்றாள் முத்தமிழ்

தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியதுமே முத்தமிழுக்குத் தெரிந்துவிட்டது, கூடத்தில் அடி விழுகிறதென்று.

அது அவள் அம்மா செல்லத்தின் பழக்கம். மகன் தமிழ்வேந்தனின் குரல் ஏறும்போதெல்லாம் ஓடிப்போய் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிடுவாள். கோட்டுச்சேரியில் அவர்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மோட்டார் இரைச்சலில் உள்ளே நடப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. தொட்டியோ ஏற்கெனவே நிறைந்திருக்கும். தண்ணீர் வழிந்து, சுவரில் இறங்கி, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். தெருக்காரர்கள் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி பேசாமல் தாண்டிப் போவார்கள். அந்த வீட்டில் தொட்டி வழிந்தால் மருமகள் அடிவாங்குகிறாள் என்பது ஊருக்கே தெரியும். செல்லம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

முத்தமிழ் உள்ளறைக் கட்டிலில், முகத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் அவள் போட்ட கூச்சல்தான் இத்தனைக்கும் ஆரம்பம். இரண்டு கன்னமும் வெந்நீர் கொட்டியது போல் சிவந்திருந்தன. மூக்கோரம் தோல் உரிந்து தொங்கியது. தாடையில் பொடிப் பொடியாகக் கொப்புளம். அடுத்த மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் கும்பகோணத்துக்கு அவளை அழைத்துப் போக, திருமலைராயன்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்குத்தான் வருகிறார்கள்.

கூடத்தில் ஏதோ விழுந்து உருண்டது.

"படிச்சவளாச்சேன்னு நம்பி விட்டேன்டி. வெச்சு வெளையாட என் தங்கச்சி மூஞ்சிதான் கெடைச்சுதா உனக்கு?"

"நான் குடுத்ததுல இப்படி ஆவாதுங்க. ஒரு நிமிசம் சொல்றதைக் கேளுங்க..."

மீதி வார்த்தை வரவில்லை. அறைந்த சத்தம் மோட்டாரையும் மீறி வந்தது.

முத்தமிழ் எழுந்து கதவிடுக்கில் பார்த்தாள். அண்ணன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி டிப்பர் ஓட்டிவிட்டு வந்தவன், இன்னும் கை கழுவவில்லை. அண்ணி தேவிகாவின் கன்னத்தில் அவன் விரல்கள் கரியாகப் பதிந்திருந்தன. கீழுதடு பிளந்து ரத்தம் கசிந்தது. அவள் போட்டிருந்தது மருந்துக் கடைக்குப் போகிற வெள்ளைக் கோட்டு. வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் பிடித்திருக்கிறான்.

டி.வி. மேசையில் மூன்று குட்டிக் கண்ணாடி பாட்டில்கள். முகத்தில் பூச முத்தமிழுக்குத் தேவிகா கொடுத்த சீரங்கள். தமிழ்வேந்தன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ஹை... யா... லு... ஆசிட். ஆசிட்னு போட்டிருக்கு. இது? அஸ்... கார்பிக் ஆசிட். இதுவும் ஆசிட். ஏன்டி, கக்கூஸ் கழுவுறதையாடி இவளுக்குப் பூசிவிட்ட?"

"ஐயோ, ஆசிட்டா!" என்றாள் செல்லம்.

அவளுக்குத் தெரிந்த ஆசிட் ஒன்றுதான். மூன்று சக்கர சைக்கிளில், பினாயிலோடும் ப்ளீச்சிங் பவுடரோடும் தெருத் தெருவாக வருகிறதே, அது. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

தேவிகா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "பேருதாங்க ஆசிட். புளியிலயும் ஆசிட்தான் இருக்கு, தயிர்லயும்தான் இருக்கு. நீங்க படிச்ச மொதப் பாட்டில் நம்ம தோலுக்குள்ளயே இருக்கிறது. தண்ணியப் புடிச்சு வெக்கும், தோல் காயாது. ரெண்டாவது வைட்டமின் சி, நெல்லிக்காயில இருக்கிறதுதான். மங்கிக் கெடக்கிற தோலைத் தெளிய வெக்கும். மூணாவதுல ஆசிட்டே கெடையாது, நியாசினமைடு. அது பி வைட்டமின். எண்ணெய் வழியாம பாத்துக்கும், தோலுக்கு வலு..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

இந்தத் தடவை தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

முத்தமிழின் கை கதவில் இருந்தது. திறக்கவில்லை.

நிச்சயத்துக்குப் பூ வைத்த மறுவாரம், ஒரு சாயங்காலம், அதே கூடத்தில் தேவிகா அவளுடைய மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாள். "நாளைக்குக் காலைல வரைக்கும் அரிப்பு, தடிப்பு வருதான்னு பாத்துட்டுத்தான் மூஞ்சில போடணும்" என்றாள். "பெட்டியில இருக்கிற பொண்ணப் பாத்துட்டு எதையும் வாங்காத. பின்னால பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாரு. பருவுக்கு சாலிசிலிக்குன்னு ஒண்ணு. உனக்குப் பருவு இல்ல, உனக்கு எதுக்கு? ரெட்டினால் நல்லதுதான், ஆனா ஆரம்பத்துல தோலு உரியும். கல்யாணத்தை வெச்சிக்கிட்டு அதைத் தொடாத. தோல் எங்கயாச்சும் உரிஞ்சிருந்தா வைட்டமின் சி பக்கமே போவாத, எரிச்சல்ல உசுரு போயிடும். எதப் போட்டாலும் பகல்ல சன்ஸ்கிரீன் இல்லாம வெளிய எறங்காத."

"நெறம் வருமா அண்ணி?"

"உன் நெறம் நல்லா வரும். அடுத்தவங்க நெறம் வராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தில் முத்தமிழுக்கு மனசு விட்டுப்போயிற்று. பூ வைத்த அன்று, மாப்பிள்ளை அகரனின் அக்கா அல்லி கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போய் அவள் கையில் ஒரு டப்பாவைத் திணித்திருந்தாள். "தம்பி செவப்பு. மேடையில பக்கத்துல நிக்கறப்ப பொருந்தணுமில்ல? ராத்திரி மட்டும் தடவு. உங்க அண்ணிகிட்டக் காட்டிடாத. மெடிக்கல்ல இருக்கிறவங்க இதுக்கெல்லாம் ஏதாவது சொல்லுவாங்க."

அந்தச் சாயங்காலம் வரை டப்பாவைத் திறக்காமல்தான் வைத்திருந்தாள்.

ஒரே வாரத்தில் முகம் தெளிந்தது. ஒரு மாதத்தில் பளிங்கு. "சீரம் நல்லா வேலை செய்யுதே" என்று தேவிகாவே அதிசயப்பட்டாள். முத்தமிழ் சிரித்துவைத்தாள். டப்பா தீர்ந்து நாலைந்து நாள் ஆகிறது.

இன்று காலை கூச்சல் கேட்டு முதலில் ஓடிவந்தவளும் தேவிகாதான். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வேற ஏதாச்சும் போட்டியா? பயப்படாம சொல்லு."

"இல்லண்ணி."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இப்போது அடி விழுந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் நின்றுவிடும். அகரனைப் பிடித்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு, அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. மோட்டார் சத்தம் கேட்காத ஒரு வீட்டில் கண்விழிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அண்ணன் யாரை அடித்தாலும் அது அவளுக்காக என்றே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கல்லூரியில் அவளோடு பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை வந்த பையனின் தாடையை உடைத்தான். "உன்மேல உசுரையே வெச்சிருக்கான்டி" என்றாள் செல்லம். அந்த உசுரின் கனம் தாங்காமல் அவள் அதன்பிறகு எந்தப் பையனோடும் பேசியதில்லை. இன்றைக்கும் அந்தப் பாசம்தான் தேவிகாவின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது.

தமிழ்வேந்தன் திடீரென்று கொல்லைப்பக்கம் போனான். திரும்பியபோது கையில் பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்.

"தம்பி, அதை எதுக்குடா எடுத்த?" என்றாள் செல்லம்.

"ஆசிட்னா பேருதானாமே. நெல்லிக்கா, தயிருங்குறாளே. இதுவும் ஆசிட்தான? இவ மூஞ்சில பூசிப் பாக்கலாம், என்னதான் ஆவுதுன்னு."

மூடியைத் திருகினான். புகை போன்ற ஒரு நெடி கூடமெங்கும் பரவிற்று. தேவிகா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கு வழியாக உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. 'நீயுமா பாத்துக்கிட்டு நிக்கிற?' என்ற கேள்வி இருந்தது.

முத்தமிழ் வெளியே வந்துவிட்டாள்.

"அண்ணே. அண்ணி குடுத்ததுல ஒண்ணும் ஆவல. அது எரியவே எரியாது. வேணும்னா பாரு, இப்பவே போட்டுக் காட்டுறேன்."

அவள் கை முதல் பாட்டிலுக்குப் போனது. தண்ணீரைப் பிடித்துவைக்கிற சீரம். உரிந்த தோலிலும் பெரிதாக வலிக்காது, சமாளித்துவிடலாம்.

"அத வையி" என்றான். "நீ எடுக்கிறது வேணாம். இந்தா, இதைப் போடு."

வைட்டமின் சி.

முத்தமிழ் தேவிகாவைப் பார்த்தாள். தேவிகாவின் தலை, வேண்டாம் என்று லேசாக ஆடிற்று.

"என்ன, பயமா இருக்கா?" ஆசிட் பாட்டில் தேவிகாவின் தோளுக்கு மேலே சாய்ந்தது. "எரியாதுன்னியே? நீ மூஞ்சியச் சுளிச்சுப் பாரு, அடுத்த நொடி இவ மூஞ்சி இருக்காது."

முத்தமிழ் மூடியைத் திறந்து, ரப்பரை அழுத்தி, வலது கன்னத்தில் விட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. குளிர்ச்சியாகக்கூட இருந்தது. பிறகு வந்தது. மிளகாய் அரைத்த அம்மியில் கன்னத்தை வைத்துத் தேய்த்ததுபோல் வந்தது. தோலுக்கடியில் ஊசிகள் நடந்தன. கண்ணுக்குக் கீழே ஏதோ கழன்று விழப்போவதுபோல் துடித்தது. நைட்டிக்குள் கால்விரல்களை மடக்கித் தரையை அழுத்திக்கொண்டாள். முகம் மட்டும் அசையக் கூடாது. கன்னம் தன்னுடையது இல்லை, கடையில் தொங்குகிற பொம்மையின் கன்னம் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனின் இமையில் ஒட்டியிருந்த கரித்தூளையே பார்த்தாள். இவன் இமைக்கும்போது நாமும் இமைக்கலாம், அதற்கு முன்னால் கூடாது.

"எரியுதா?"

"எரியல."

"இன்னொரு கன்னம்."

போட்டாள்.

"எரியுதா?"

"இல்லண்ணே."

"கண்ணு கலங்குது?"

"பொண்டாட்டிய இந்த அடி அடிச்சிருக்க. பாத்தா அழுவ வராதா எனக்கு?"

தமிழ்வேந்தன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மெல்ல பாட்டிலைத் தாழ்த்தினான். தேவிகா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

முடிந்தது என்று முத்தமிழ் மூச்சு விட்டாள். முடியவில்லை.

"அப்ப எதாலடி இப்படி ஆச்சு?"

பாட்டில் இன்னும் திறந்தேதான் இருந்தது. அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்தக் கை யார் மேலாவது சாய்ந்தாக வேண்டும். அவன் கண் மறுபடியும் தரைப்பக்கம் போவதைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடினாள். பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துவந்து தேவிகாவின் மடியில் போட்டாள்.

தேவிகா அதைத் திறந்தாள், முகர்ந்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியில் வெள்ளைவெளேரென்று ஒரு பெண் சிரித்தாள். வேறு எங்கும் ஓர் எழுத்து இல்லை.

"உள்ள என்ன இருக்குன்னே போடலையே" என்றாள். உதடு வீங்கியதில் பேச்சு குழறியது. "ஸ்டீராய்டுதான் கலந்திருப்பாங்க. போடுற வரைக்கும் வெளுத்துக் காட்டும். உள்ளுக்குள்ள தோலை மெலிசாக்கிக்கிட்டே இருக்கும். திடீர்னு விட்டா இப்படித்தான் கிளம்பும். எப்பலேந்து போடுற?"

"பூ வெச்ச மறுவாரத்துலேந்து."

"காலைல கேட்டேனே, முத்தமிழ்."

இரண்டு கன்னத்து எரிச்சலையும்விட அதுதான் சுட்டது.

"யாரு குடுத்தா?" என்றான் தமிழ்வேந்தன்.

"கடையில வாங்கினேன்ணே. பாரதியார் ரோட்டுல."

"அல்லி குடுத்த டப்பா இல்ல இது?" என்றாள் செல்லம். சட்டென்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. குற்றம் தன் வீட்டைவிட்டு வெளியே போக வழி கிடைத்த நிம்மதி. "கொல்லையில கூப்புட்டு வெச்சுக் கையில திணிச்சாளே, நான்தான் பாத்தேனே! ஏதோ மொறைக்குக் குடுக்குறான்னு இருந்துட்டேன்."

"அம்மா!"

தமிழ்வேந்தன் கத்தவில்லை. யாரையும் அடிக்கவும் இல்லை. பச்சை மூடியை எடுத்துப் பாட்டிலில் போட்டு, நிதானமாகத் திருகி மூடினான். அவன் நிதானத்துக்குத்தான் அந்த வீட்டில் எல்லாரும் அதிகம் பயந்தார்கள். டப்பாவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையில் ஆசிட் பாட்டிலோடு வாசலுக்கு நடந்தான்.

செல்லத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "டேய், சம்பந்தி வூடுடா! கல்யாணம் நின்னுபோயிடும்டா! நான் வாய் தவறிச் சொல்லிட்டேன்..."

ஒரே தள்ளு. தொட்டி வழிந்த ஈரத்தில் அவள் கால் வாரி, படியில் இடுப்பு மோத விழுந்தாள். இதுவரை எத்தனையோ தடவை மோட்டார் போட்டிருக்கிறாள். அவன் கை அவள்மேல் பட்டது இதுதான் முதல் தடவை. வலியில் கத்தக்கூடத் தோன்றாமல் மகனையே பார்த்தாள்.

பைக் சீறிக்கொண்டு தெருமுனை திரும்பியது.

தேவிகா எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியானது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"அகரனுக்குப் போன் போடு" என்றபடி தேவிகா ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். "அவங்களைப் பட்டினத்துலயே இருக்கச் சொல்லு."

அகரன் உடனே எடுத்தான். குரலில் உற்சாகம் வழிந்தது. "கிளம்பியாச்சு. நிரவி தாண்டிட்டோம். அரசலாத்துப் பாலம் ஏறிட்டா கால் மணியில அங்க இருப்போம். ரெடியா?"

பட்டினத்திலிருந்து வருவதற்கும் இங்கிருந்து போவதற்கும் அந்தப் பாலம்தான். அண்ணன் பைக்கும் அந்தக் காரும் ஒரே சாலையில் எதிரெதிரே வந்துகொண்டிருந்தன.

இன்னும் பொய் சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம், வீட்டுக்குத் தூரம் என்று சொல்லலாம், வண்டியைத் திருப்பச் சொல்லலாம். கல்யாணம் பிழைத்துக்கொள்ளும். திரும்பினாலும் அண்ணன் பட்டினம் வரைக்கும் போவான். எதற்காக வருகிறான் என்று தெரியாமல் அல்லியே கதவைத் திறந்து, வாங்க மச்சான் என்பாள்.

"காரைத் திருப்புங்க" என்றாள் முத்தமிழ். "வீட்டுக்கும் போவாதீங்க, நேரா நிரவி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. எங்கண்ணன் ஆசிட் பாட்டில எடுத்துக்கிட்டு வர்றான்."

"என்ன? யார்மேல? என்மேலயா?"

"உங்கக்கா மேல."

"அக்கா என்ன பண்ணுச்சு?"

"பூ வெச்சன்னைக்கு எனக்கு ஒரு கிரீம் குடுத்தாங்க. உங்க பக்கத்துல நிக்கறதுக்கு நான் பொருந்தணும்னு. என் மூஞ்சி வெந்துபோச்சு. இனிமே எப்படி இருக்கும்னு தெரியல. கல்யாணம் வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, ஆனா அது பெறவு. இப்ப காரைத் திருப்புங்க."

தேவிகா ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த செல்லம் ஒரு துப்பட்டாவோடு நொண்டி வந்தாள். "மூஞ்ச மூடிக்கடி, ஊரே பாக்குது." முத்தமிழ் வாங்கவில்லை. அப்படியே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வெயில் உரிந்த கன்னத்தில் நேராக விழுந்தது. எரிந்தது. இப்போது முகம் சுளித்தாள், சுளிக்கலாம்.

போனில் வண்டி இரைச்சல் அடங்கியிருந்தது. கார் நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"அகரன்? இருக்கீங்களா? திருப்பிட்டீங்களா?"

"முத்தமிழ்..." அவன் குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. "ஒரு வாரமா அக்கா முந்தானையை மூஞ்சில சுத்திக்கிட்டே இருக்கு. வெயில் ஒத்துக்கலன்னுச்சு. வீட்டுக்குள்ளயும் அப்படித்தான் இருந்துச்சு. நீ சொன்னது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. கேட்டுட்டு இப்பதான் முந்தானைய எடுத்துக் காட்டுது. அதுவும் அந்தக் கிரீமைத்தான் போட்டிருக்கு, மூஞ்சி வெந்து கெடக்கு."

பின்னாலிருந்து ஒரு பெண்ணின் விம்மல் கேட்டது. பிறகு கார்க் கதவு திறக்கும் சத்தம்.

"அக்கா, எறங்காத! அவன் வர்ற பக்கமா எங்க போற? அக்கா!"

"அண்ணி, வேகமாப் போங்க" என்றாள் முத்தமிழ்.